வலை நூலில் இரண்டு முடிச்சு

தபால்காரி வேலை ஜெனிஸ்ராவின் பின்பக்கத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நல்லதாகவே இருந்தது.

பதினாறு வருடம் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்துவிட்டு, போர் முடிந்து ஊர் திரும்பியவள் அவள். மன்னாருக்குத் தெற்கே கரையோரத்தில் இருந்த அந்த ஊரில் பாதி வீடுகளுக்கு இன்னும் கூரை இல்லை. ஆனாலும் கடிதங்கள் வரத் தொடங்கியிருந்தன. ஐந்து ஊர்களுக்கு அவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். நாளுக்கு இருபத்திரண்டு கிலோமீற்றர். முதல் மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம். ஒரே ஒரு நிபந்தனை: ஊர்ச்சனம் அனுப்பும் கடிதங்களையும் வாங்கிக்கொண்டு தபால் பை ஏறும் மூன்று மணி பஸ்ஸுக்கு முன் தபால் கந்தோருக்குத் திரும்பிவிட வேண்டும்.

மூன்றாம் கிழமைக்குள்ளேயே அவள் இரண்டு தரம் பிந்திவிட்டாள்.

"மூண்டாம் தரமும் பிந்தினால் வேற ஆளைத்தான் பாக்கோணும், பிள்ளை," என்றார் தபால் அதிபர் கனகரத்தினம். அவரும் தினம் எட்டுக் கிலோமீற்றர் சைக்கிளில் வருகிறவர். கதிரையில் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டு, அதன்மேல் ஒரு பக்கமாகச் சரிந்து இருந்தபடிதான் இதைச் சொன்னார். "ஏன் பிந்துது?"

"காத்து, சேர்."

மன்னாரில் எதற்கும் காற்றின்மேல் பழி போடலாம். உண்மையை அவரிடம் எப்படிச் சொல்வது? மீள்குடியேறியவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த சைக்கிள் அது. அதன் சீற் ஒடுக்கமாக, பலகைத் துண்டு மாதிரி இருந்தது. பதினாறாவது கிலோமீற்றரில் ஒரு மதகு வரும். நோவு தாங்காமல் அங்கே இறங்கினால் மிச்சத் தூரம் முழுக்க உருட்டிக்கொண்டு நடைதான்.

புருசனிடம் சொன்னாள். சாந்தரூபன் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

"மூண்டு கிழமையா நிண்டுகொண்டு சாப்பிடுறாய். நான் என்னவோ கவுண்மேந்து வேலை கிடைச்ச பெருமையெண்டு நினைச்சன்."

"சிரியுங்கோ. வேலை போனால் ரெண்டு பேரும் நிண்டுகொண்டு பட்டினி கிடப்பம்."

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறி மன்னார் ரவுணுக்குப் போனாள். வஸீரின் சைக்கிள் கடை வாசலில் ஒரு கழுதை நிழலுக்குப் படுத்திருந்தது. அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். வஸீரும் இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து போன வருடம் கடையைத் திறந்தவர். கம்பியில் பன்னிரண்டு சீற் தொங்கியது. ஜெனிஸ்ரா ஒவ்வொன்றையும் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். ஒன்றில் விரல் பாதிக்குமேல் புதைந்தது.

"இது."

"யோசிச்சு எடுங்கோ தங்கச்சி."

"யோசிச்சிட்டன்." எதற்கு வாங்குகிறாள் என்று அவர் கேட்பதற்குள் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை முதல் ஐந்து கிலோமீற்றர் சொர்க்கம். அதற்குப் பிறகு பஞ்சு அமுங்கி, எலும்பு அடித்தகட்டில் முட்டியது. நடுப்பகுதி மட்டும் புடைத்துக்கொண்டு மேலே வந்தது. முன்பு ஒரு இடம் நொந்தது, இப்போது மூன்று இடம். கிழமை முழுக்கப் பல்லைக் கடித்தாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மூன்று நிமிடம் இருக்க, பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்க, சைக்கிளோடு ஓடி வந்தாள். கனகரத்தினம் அவளைப் பார்க்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். வருகிற திங்களோடு மாதம் முடிகிறது. திங்கள்தான் பை ஆகப் பாரமான நாள்.

சனிக்கிழமை சீற்றைக் கழற்றி உரப்பையில் போட்டுக்கொண்டு திரும்பவும் கழுதையைத் தாண்டினாள்.

"வஸீர் நானா, இது சரிவரேல்லை. இதைவிட மெத்தெண்டு ஒண்டு தாங்கோ."

வஸீர் சீற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெருவிரலாலயா தங்கச்சி சைக்கிள்ள குந்துறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் பாதி வெட்கமும் போனது. இருபத்திரண்டு கிலோமீற்றர், மதகு, பஸ், எல்லாவற்றையும் சொன்னாள்.

"மெத்தெண்டது ரவுணுக்குள்ள ஓடத்தான் நல்லம். உங்கட தூரத்துக்குக் குந்துற எலும்பு ரெண்டும் சீற்றில பதிஞ்சு இருக்கோணும். ரெண்டுக்கும் இடையில எவ்வளவெண்டு தெரியாம நான் என்னத்தைத் தாறது?" சொல்லி முடித்ததும் அவருக்கே கூச்சமாகிவிட்டது. பக்கத்தில் கிடந்த செயின் ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். "ஆம்பிளையள் எண்டால் உந்த மண்மூட்டையில இருத்தி அளந்துபோடுவன். நீங்கள் வீட்டை போங்கோ. கடற்கரையில ஈரமண்ணில, முழங்காலை உயர்த்தி அழுந்தக் குந்தி, கொஞ்சம் முன்னுக்குச் சரியுங்கோ. எழும்பினால் ரெண்டு குழி இருக்கும். நூலால நடுவுக்கு நடு அளந்து, நூலை மட்டும் அனுப்புங்கோ. வேற ஒண்டும் சொல்ல வேண்டாம்."

பின்னேரம் தண்ணீர் வற்றிய நேரம் பார்த்துக் கடற்கரைக்குப் போனார்கள். சாந்தரூபன் முதுகைக் காட்டிக்கொண்டு சென்றியில் காவல் நிற்கும் ஆமிக்காரன் மாதிரி விறைத்து நின்றான். ஜெனிஸ்ரா பாவாடையை ஒதுக்கிக் குந்தினாள்.

மீன் கூடையோடு மாக்கிறட் அக்கா அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, நல்ல பாரியான உடம்பு, வாய் அதைவிடப் பெரிது.

"என்னடி, ஆமை மாதிரிக் குந்திக்கொண்டிருக்கிறாய்? எத்தினை முட்டை?"

"அக்கா, அங்கால போங்கோ!"

"முட்டையைக் காட்டு, போறன்."

ஜெனிஸ்ரா எழும்பினாள். குழி இரண்டும் அச்சு மாதிரி இருந்தன. வலைக் கண்ணை அளந்தே வயது போன சாந்தரூபன், முழங்காலில் நின்று வலை நூலைப் பிடித்து, இந்தக் குழி நடுவில் ஒரு முடிச்சும் அந்தக் குழி நடுவில் ஒரு முடிச்சும் போட்டான். விசயம் தெரிந்ததும் மாக்கிறட் கூடையை இறக்கி வைத்தாள்.

"இந்த நோஞ்சானுக்கு இவ்வளவெண்டால் எனக்கு ரெண்டு மடங்கு வரும். அளந்து பாரடா தம்பி!"

அளந்தான். ஜெனிஸ்ராவைவிட ஒரு விரல் குறைவு.

"மண் பிழை," என்றாள் மாக்கிறட். தள்ளிப்போய் இன்னொரு இடத்தில் பொத்தென்று குந்தினாள். அங்கேயும் அதே அளவு. "இவ்வளவு நாளும் இந்த எலும்பையோ இவ்வளவு இறைச்சி மூடிக்கிடந்தது!"

அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குக் கரைவலை இழுக்கும் பெண்கள் ஓடி வந்தார்கள். ஆளுக்கு ஆள் குந்தினார்கள். யாரின் குழி அகலம் என்று பந்தயம் கட்டினார்கள். கரையில் ஒரு வரிசை குழி. சாந்தரூபனின் நூல் தீர்ந்து போனது. பொழுதுபட அலை வந்து எல்லாக் குழியையும் நிரவிவிட்டுப் போனது. ஜெனிஸ்ராவை மட்டும் ஒருவராலும் மிஞ்ச முடியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாந்தரூபன் நூலோடு ரவுணுக்குப் போனான். வஸீர் கொடுத்துவிட்டது அகலமான தோல் சீற், அடியில் இரண்டு சுருள் கம்பி. ஜெனிஸ்ரா பெருவிரலால் அமத்தினாள். அசையவே இல்லை.

"திரும்பவும் பலகையைத் தந்து விட்டிருக்கிறார்!"

"விரலை எடடி," என்றான் சாந்தரூபன். வஸீர் சொன்னபடி மட்டத்துக்கு வைத்துப் பூட்டினான்.

திங்கட்கிழமை பை பாரம். காற்றும் எதிர்க்காற்று. ஒவ்வொரு கிலோமீற்றரிலும் நோவு எப்போது தொடங்கும் என்று பார்த்துக்கொண்டே மிதித்தாள். நாலாவது ஊரில் ஒரு கிழவர் தோஹாவிலிருந்து வந்த கடிதத்தை அவளைக்கொண்டே வாசிப்பித்தார். பேரன் பிறந்த செய்தி. அந்தச் சந்தோசத்தில் ஏறி மிதித்தவள், இரண்டு வளைவு தாண்டியபிறகுதான் மதகு எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். அது எப்போதோ பின்னால் போய்விட்டது. ரோட்டில் ஒருவரும் இல்லை. காரணமே இல்லாமல் மணியை அடித்தாள். பிறகும் அடித்தாள். கந்தோர் வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தாள்.

நேரம் இரண்டு இருபது.

"எல்லா வீட்டுக்கும் போனனீரோ?" கனகரத்தினம் சந்தேகத்தோடு பையைக் கிளறினார்.

"ஓம் சேர்."

"இண்டைக்குக் காத்தில்லையோ?"

"காத்து நல்லா இருக்கு சேர். சீற் மாத்தினனான்." மண்ணையும் நூலையும் அவள் மறைக்காமல் சொன்னாள்.

அவர் பையை மூடி வைத்தார். நிரந்தர நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

வியாழக்கிழமை காலை கனகரத்தினம் கந்தோருக்கு வந்தபோது அவருடைய வெள்ளைக் காற்சட்டையின் பின்பக்கம் ஈரமாக இருந்தது. கடல்மண் ஒட்டியிருந்தது. சாக்கின்மேல் மெதுவாக இருந்துகொண்டு, ஒட்டி முத்திரை குத்திய உறை ஒன்றை அவளிடம் தள்ளினார். மேலே வஸீரின் விலாசம்.

"சனிக்கிழமை ரவுணுக்குப் போனால் கையில குடும். உள்ளுக்கு என்னெண்டு கேக்கப்படாது."

ஜெனிஸ்ரா கேட்கவில்லை. வெளியே வந்து உறையைத் தடவிப் பார்த்தாள். முடிச்சு இரண்டு. விரலை வைத்து அளந்தாள். மாக்கிறட் அக்காவைவிடவும் ஒரு விரல் குறைவு.

இதை மாக்கிறட் அக்காவிடம் சொல்லாமல் சனிக்கிழமை வரைக்கும் இருப்பது, இருபத்திரண்டு கிலோமீற்றரை விடக் கஷ்டமாக இருந்தது.