இரண்டாவது பிரேக்

வகுப்பில் ஒரு சிறு கிரேனை வடிவமைக்கச் சொல்லி, செலவை அதிகம் குறைக்கும் குழுவுக்கே முதல் மதிப்பெண் என்று பேராசிரியை அறிவித்திருந்தார். மூன்று மாணவிகள் செய்த கிரேன்தான் எல்லாவற்றிலும் மலிவு. சோதனை நாளில் அது நாற்பது கிலோ இரும்பைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தியது. குழுத்தலைவி, கீழே உருண்டுபோன நட்டை எடுக்க அதன் அடியில் குனிந்தாள்.

அப்போதுதான் பேராசிரியை செலவுப் பட்டியலைப் பார்த்தார். ஒன்று பழுதானாலும் சுமையைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய இரண்டாவது பிரேக் அதில் இல்லை. இருந்த ஒரே பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்தது. ஓடிப்போய் அவளைப் பிடித்து இழுத்தார். இருவரும் சுவரோரம் போய் விழுந்தார்கள். இரும்பு தரையைப் பிளந்தது.

"இன்னொரு பிரேக் போட்டா செலவு ஏறிடும்னு விட்டுட்டோம் மேடம்," என்றாள் குழுத்தலைவி. "நீங்கதானே குறைக்கச் சொன்னீங்க?"

"ஆமாம்மா. எதைக் குறைக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல."

பலகையில் எழுதியிருந்த அந்த மதிப்பெண் விதியை அவர் உடனே அழித்தார். ஆனால் இதே விதியில் படித்து ஏழு வருட மாணவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் எங்கெங்கே எதையெல்லாம் குறைத்து வைத்திருக்கிறார்களோ?