முட்டை கொடுத்த நாள்

மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. அதனால் ஜீவராணி புதுச் சாப்பாடு எதையும் மழை நாளில்தான் சின்னவனுக்குக் கொடுத்தாள். புதிதாக ஒன்றைக் காலையில் கொடுத்துவிட்டு அன்று முழுக்கப் பிள்ளையைக் கவனிக்க வேண்டும் என்று மிட்வைஃப் மிஸ்ஸி சொல்லியிருந்தார். ரப்பர் மலையில் நிற்பவள் எப்படிக் கவனிப்பது? பூசணியும் பருப்பும் மழை பார்த்தே வந்தன. முட்டையை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தாள். பெரியவனுக்கு இதே எட்டு மாதத்தில் முட்டை கொடுத்தபோது, வயிறெல்லாம் தடித்து உதடு வீங்கி, இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள். அண்ணனுக்கு ஒத்துக்கொள்ளாதது தம்பிக்கும் ஒத்துக்கொள்ளாது என்றில்லை, கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள் என்றார் மிஸ்ஸி.

அன்று இருட்டிக்கொண்டு பெய்தது. வேலை இல்லையென்று, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவையும் திறக்கவில்லை. பிள்ளைகளைப் பார்க்கும் ஆயம்மா டவுனுக்குப் போய்விட்டாள். ஜீவராணி அவித்த மஞ்சள் கருவில் விரல்நுனி அளவு எடுத்து, தாய்ப்பாலில் குழைத்து ஊட்டினாள். அவன் சப்புக் கொட்டினான். அவள் வாசலுக்கும் தொட்டிலுக்குமாக நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. வெயிலும் வந்தது. கங்காணி சின்னத்தம்பி லயத்து வீடுகளின் வாசலில் நின்று, மரத்தில் ஈரம் காய்கிறது, எல்லாரும் கிளம்புங்கள் என்று கூப்பிட்டார். போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, கூலியும் இல்லை. அந்த மாதம் ஏற்கெனவே மழையில் கரைந்திருந்தது.

பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டு மரங்களுக்கு நடுவில் சேலையில் தொட்டில் கட்டினாள். சில மரத்தில் பால் வெட்டுவாள், ஓடிவந்து உதட்டைப் பார்ப்பாள், திரும்ப ஓடுவாள். ஒரு மரத்தில் கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கியது. கங்காணி பார்த்துவிட்டார்.

"மரத்தக் கொல்றியா ஜீவராணி? கண்ணு எங்க இருக்கு?"

"புள்ளைக்கு முட்ட குடுத்திருக்கேங்க."

"குடுத்தது குடுத்ததுதான். திருப்பியா எடுக்கப் போற?"

தொட்டிலில் பிள்ளை வீரிட்டது. கன்னத்திலும் முழங்கையிலும் சிவப்பாகப் புடைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லொறி எங்கே நிற்கிறது என்று அவள் கேட்டது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. கங்காணி குனிந்து பார்த்தார்.

"நுளம்புக் கடி."

"முட்டையா இருந்தா?"

கங்காணி தன் கையை நீட்டினார். அங்கேயும் அதே புடைப்பு. மழை விட்ட ரப்பர் மலையில் நுளம்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

ஜீவராணி பிள்ளையின் சட்டையைத் தூக்கினாள். பெரியவனுக்கு வயிற்றில்தான் தொடங்கியது. இவன் வயிற்றில் ஒன்றும் இல்லை. முதுகிலும் இல்லை. உதடு வீங்கவில்லை, மூச்சு சீராக இருந்தது. ஆனாலும் அவள் சட்டையை இறக்கவில்லை.

"மூடு புள்ள," என்றார் கங்காணி. "அங்கயும் கடிச்சிட்டா அப்புறம் ஒன்னுமே வெளங்காது."

மூடினாள். பக்கத்து மரத்துக்குப் போனாள். கத்தியைப் பட்டையில் வைத்தவள், வெட்டாமலே திரும்பி வந்து மறுபடியும் சட்டையைத் தூக்கினாள்.