தண்ணீர்க் கேள்வி

மாட்டுங்காவிலிருந்து வந்த அந்தப் பெண், தன் பெயர் வைதேகி என்றும் காலேஜில் சமூகவியல் படிப்பதாகவும் சொன்னாள். நான் நம்பவில்லை. போன மாதம் ரேஷன் ஆபீஸ்காரன் ஒருவனும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே தாராவிக்குள் வந்தான். ஊருக்குப் போயிருந்த என் கொழுந்தன் பெயரைக் கார்டிலிருந்து அடித்துவிட்டுப் போனான்.

இருந்தாலும் வாசலுக்கு வந்தவளை நிற்கவைக்க மனமில்லை. ஸ்டூலைப் போட்டுத் தம்ளரில் தண்ணீர் வைத்தேன்.

"வீட்டுல எத்தனை பேர்?"

"எதுக்குக் கேக்கீய?"

"மனுஷா எப்படிக் குழுவாச் சேர்ந்து வாழறான்னு தெரிஞ்சுக்கத்தான்."

கார்டில் உள்ளபடியே சொல்லிவைத்தேன். அவள் தாளைத் திருப்பினாள்.

"இந்தச் சந்துல யார், யார் வீட்டுல தண்ணிகூடக் குடிக்க மாட்டா?"

எதிர்வீட்டு சந்தியாகு தோல் பட்டறையில் வேலை செய்கிறவர். அவருக்கும் எனக்கும் ஒரே குழாய்தான். ஆனாலும் அவர் வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அதை இவளிடம் யார் சொல்லியிருப்பார்கள்?

"அது எதுக்கு உங்களுக்கு?"

"சமூக இடைவெளின்னு ஒண்ணு இருக்கு. அதை அளக்கறோம்."

மே மாத வெயில். அவள் உதட்டை நக்கிக்கொண்டாள், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள். தம்ளர் வைத்த இடத்திலேயே நிறைந்து நின்றது.

"சொல்லுங்கோ, எழுதிக்கறேன்."

"மொதல்ல உங்க பேர எழுதுங்க," என்றேன். "அதுக்குக் கீழ செண்பகவல்லின்னு என் பேரயும் எழுதிக்கிடுங்க."