குரலை எண்ணியவள்

குரங்குக் கணக்கெடுப்பவளுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. கழிமுகத்து அலையாத்திக்காட்டில் குரங்கே இல்லையென்று அவள் கையெழுத்திட்டிருந்தாள். அதை நம்பி, கூண்டில் வளர்ந்த நாற்பது பறவைக்குஞ்சுகளை நண்பகலில் அங்கே விடவிருந்தார்கள். அவை இன்னும் சரியாகப் பறக்கப் பழகாதவை. நான்கு குரங்குகள் போதும், மாலைக்குள் கதை முடிந்துவிடும்.

அவ்வூர்க் குரங்குகள் எந்தக் காலத்திலோ கப்பலில் வந்தவர்கள் விட்டுச்சென்றவை. மலைக்காட்டில் பழத்துக்கு அடித்துக்கொண்டு காது கிழியக் கத்தும். கடைத்தெருவில் கூரைமேல் குந்தி, அசந்தவர் பையைப் பறித்துக்கொண்டு கத்தும். ஆகவே விடியலில் ஓரிடத்தில் அமர்ந்து குரலை எண்ணுவதே அவளது பத்தாண்டு வழக்கம். அலையாத்திக்காட்டில் பன்னிரண்டு விடியல்கள் அமர்ந்தாள். ஒரு குரலும் எழவில்லை.

ஆனால் அவளுடைய அக்காவின் கணவரான படகோட்டி, அந்தப் பக்கம் நண்டே அகப்படுவதில்லையென்று முந்தின நாள் அலுத்துக்கொண்டார். அங்கே நண்டை எது தின்கிறது என்ற கேள்வி அவளைக் குடைந்தெடுத்தது. கடைசியில் அவரிடம் படகை எடுக்கச் சொன்னாள். கையெழுத்துப் போடுமுன் வரக்கூடாதா, நான் எப்போதும் வெட்டியாகத்தானே கிடக்கிறேன் என்று கேலிசெய்தபடியே அவர் எடுத்தார்.

நீர் வற்றியிருந்தது. வேர்களுக்கடியில் உடைந்த நண்டோடுகள் கிடந்தன. சற்று அப்பால் ஒரு தாய்க்குரங்கு முழங்கை வரை சேற்றில் கைவிட்டு நண்டொன்றை இழுத்தது. அதன் பின்னால் ஏழு குரங்குகள், ஒன்றையொன்று நெருங்காமல், வாய்திறவாமல் தின்றுகொண்டிருந்தன. சிறு சலசலப்புக்கே நண்டு வளைக்குள் ஓடிவிடும் இடத்தில், கத்துகிற குரங்குக்குப் பட்டினிதான்.

"என்னம்மா, எல்லாம் ஊமையா?"

"இல்ல அத்தான். நான்தான் காதை மட்டும் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். திருப்புங்க, சீக்கிரம்."

கரையில் கூண்டுகள் இறங்கிவிட்டிருந்தன. குஞ்சுகளை விட வந்த அதிகாரி முதற்கூண்டின் கயிற்றில் கை வைத்திருந்தார். அவள் முழங்கால் சேற்றோடு ஓடினாள்.

"அவிழ்க்காதீங்க ஐயா. அங்க குரங்கு இருக்கு. நான் எழுதினது தப்பு."

எத்தனை என்று கேட்டார்.

"எட்டைப் பார்த்தேன். மொத்தம் எத்தனைன்னு எனக்குத் தெரியாது."

அதிகாரி கயிற்றிலிருந்து கையை எடுத்தார். பிறகு அவளது அறிக்கையை நீட்டி, குரங்கில்லை என்ற வரியை அவள் கையாலேயே அடிக்கச் சொன்னார். அடித்தாள். கூண்டுகள் ஒவ்வொன்றாக வண்டியேறின. உள்ளே குஞ்சுகள் ஓயாமல் கூச்சலிட்டன. அவள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அடுத்து நீர் எப்போது வற்றும் என்று அத்தானிடம் கேட்டபடியே படகை நோக்கி நடந்தாள்.