தூக்கிப் பிடித்த கை

கம்பெனி தரப்புச் சாட்சியாக வந்து நின்றவனைப் பார்த்ததும் கிருபானந்தத்தின் வாய்க்குள் கெட்ட வார்த்தை புரண்டது. சபைக்குப் போகிறவர் என்பதால் விழுங்கிக்கொண்டார். சாமுவேல். ஆம்பூரில் இருவருக்கும் ஒரே தோல் டேனரி, ஒரே சபை, ஞாயிறு ஆராதனையில் பக்கத்துப் பாயில் உட்காருகிறவன்.

டேனரிக்குள் எல்லாருக்கும் தடுப்பூசி போட வந்த கம்பவுண்டர், வரிசை நீளம் என்று சட்டையைக் கழற்றக்கூட விடாமல் காலரை இழுத்துத் தோள்மூட்டிலேயே ஊசியை இறக்கிவிட்டான். அதோடு கிருபானந்தத்தின் வலது கை மார்புக்கு மேல் ஏறவில்லை. ஈரத்தோலை உயரக் கொக்கியில் மாட்டுகிறவருக்குக் கை ஏறாவிட்டால் வேலை ஏது? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நஷ்டஈடு கேட்டு வேலூர் தொழிலாளர் அலுவலகத்தில் வழக்குப் போட்டார். கிழவன் நடிக்கிறான் என்றது கம்பெனி. தன் வக்கீல் ரஃபி அகமதுவையும் அவர் நம்பவில்லை. கம்பெனி வக்கீலோடு ஒரே பன்னைப் பிய்த்துத் தின்றதைக் கண்ணால் பார்த்தவர்.

போன ஞாயிறு ஆராதனையில் இவர் இரண்டு கையையும் உயர்த்தினாரா என்று விசாரணை அதிகாரி அம்மாவின் முன்னால் கம்பெனி வக்கீல் கேட்டார்.

"ஒசந்துதான் இருந்துச்சி" என்றான் சாமுவேல்.

வக்கீல் சிரித்தபடி உட்கார்ந்தார். கிருபானந்தத்தின் கை உயர்ந்தது நிஜம். உயர்த்தியது இதே சாமுவேல். சொல்வானா? கம்பெனி ஜீப்பில் வந்து இறங்கியவன், கம்பெனிச் சோறு தின்கிறவன், எங்கே சொல்லப்போகிறான்?

ரஃபி அகமது எழுந்து, கை எப்படி உயர்ந்தது என்று கேட்டார். இது என்ன கேள்வி என்பதுபோல் சாமுவேல் அவரைப் பார்த்தான்.

"நாந்தான் தூக்குவேன். ஊசி போட்டதுலர்ந்து இவருக்குத்தான் வராதே. பாட்டு ஆரம்பிச்சா முழங்கைக்கு அடியில முட்டு குடுத்துடுவேன். இவரு பல்லக் கடிச்சிக்கினு நிப்பாரு. பாட்டு லேசுல முடியுதா? இப்ப என் தோளே கழண்டுபோச்சி. எனக்கும் கேஸ் போடலாங்களா மேடம்?"

அதிகாரி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, கிருபானந்தத்தின் கையை அப்படியே தூக்கிக் காட்டச் சொன்னார்.

சாமுவேல் வந்து கையை மெல்ல ஏற்றினான். கிருபானந்தம் பல்லைக் கடித்தார். அம்மா குனிந்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, கனமா கீது" என்று முணுமுணுத்தான் சாமுவேல்.

"உட்றாதடா. அந்தம்மா எழுதி முடிக்கட்டும்."

வாசலில் ஆட்கள் கூடி எட்டிப் பார்த்தார்கள். மின்விசிறிக் காற்றில் சட்டைக்கை படபடக்க, அந்தக் கை உயரத்திலேயே நின்றது.