வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்கால்

விழுந்து கிடந்த இடத்திலிருந்து பார்த்தபோது துறைமுகம் மிகவும் உயரத்தில் இருந்தது. வீதி வேலைக்காக யாரோ லொறியில் கொண்டுவந்து பறித்துவிட்டுப் போன வெள்ளை மணற் குவியலில் நான் ஒருக்களித்துக் கிடந்தேன். என் கன்னத்துக்கு நேராகத் தண்ணீர், தண்ணீருக்கு மேல் ஒரு சாம்பல் நிறக் கப்பல், கப்பலுக்கு மேல் வானம் என்று எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போல இருந்தது. சைக்கிளின் பின்சில்லு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்பது அந்தச் சில்லின் கிர்ரென்ற சத்தத்தில்தான் முதலில் எனக்குத் தெரிந்தது. பயம் அதற்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னால், ஒரு மூச்சு நேரம், இந்த மணலை இங்கே பறித்த லொறிக்காரனை யாரென்று தெரியாமலே எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நடந்தது இவ்வளவுதான். பகல் பன்னிரண்டே முக்கால், வெள்ளிக்கிழமை. நான் வேலை செய்யும் கொமினிக்கேஷன் கடையைப் பூட்டிவிட்டு, சாப்பிடுவதற்காகப் பாலையூற்றில் இருக்கும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். துறைமுகத்தை ஒட்டி வீதி வளைகிற இடத்தில் எதிரே ஒரு டிப்பர் லொறி வந்தது, பின்னால் ஒரு பஸ். பின்னால் வரும் வாகனத்தை நான் சத்தத்தால் அறிவேன். ஆட்டோ இருமும், கார் மூச்சு விடாது, பஸ் முதுகில் சூடாக வந்து நிற்கும். நின்றுவிட்டு எதிர் வாகனம் போகட்டும் என்று காத்திருக்கும். அன்றைய பஸ் காத்திருக்கவில்லை. லொறிக்கும் எனக்கும் நடுவில் தன்னை நுழைத்தது. அதன் தகரம் என் ஹாண்டிலின் வலது முனையை உரசி இழுத்தது. இடப்பக்கம் தண்ணீர். தண்ணீருக்கு முன்னால், நல்ல வேளையாக, மணல்.

வீதியின் மறுபக்கம் இளநீர் விற்கும் வள்ளியம்மா அக்கா கத்தியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். தூரத்தில் பார்த்தவர்கள் என்னை வெட்ட வருகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். என்னைத் தூக்கி உட்கார வைத்தார். முழங்கையில் ஒட்டியிருந்த மணலை ஓர் இளநீரை வெட்டி ஊற்றிக் கழுவினார். மிச்சத்தைக் குடிக்கச் சொன்னார். பிறகு போன பஸ்ஸின் பக்கம் கத்தியை நீட்டி, "பக்கீர்ட பஸ்ஸடி பிள்ளை, நம்பரை நான் பாத்தனான்" என்றார். எனக்கும் அது தெரியும். முன்கண்ணாடிக்கு மேல் மூன்று பிறை வரைந்த பச்சை நிறக் கிண்ணியா பஸ். அதன் சொந்தக்காரர் வேறு யாரோ, ஆனால் பன்னிரண்டு வருடமாக பக்கீர் நானா சாரதியாக அதை ஓடுவதால் எல்லோருக்கும் அது பக்கீரின் பஸ்தான்.

சைக்கிளில் போகிறவர்களுக்கு இப்படி வாரத்துக்கு ஒன்று நடக்கும். நடந்ததை வீட்டில்கூடச் சொல்வதில்லை, சொன்னால் சைக்கிளை எடுக்க விடமாட்டார்கள். மோதாமல் போனது நடக்காதது போலத்தான். ஆனால் இந்த முறை நான் எழுதினேன். சனிக்கிழமை காலை கடை திறந்ததும், முதல் ஆள் வருவதற்கு முன்னால், இரண்டு பக்கம். எங்கள் கடையில் போட்டோப் பிரதி எடுப்பதோடு கடிதங்களும் தட்டிக் கொடுப்போம். காணி உறுதி தொலைத்தவர்கள், மகனுக்குப் பாடசாலை மாற்றம் கேட்பவர்கள், இறந்துபோன கணவரின் பேரில் வந்த ஒரு தவறான எழுத்தைத் திருத்த அலைபவர்கள், எல்லோருக்காகவும் நான் தட்டியிருக்கிறேன். எனக்காகத் தட்டியது இதுதான் முதல் தடவை. அதனாலோ என்னவோ கை நிற்கவில்லை. திகதி, நேரம், பஸ் நம்பர், இடம் எல்லாம் சரியாகப் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். நான் வாசிக்கும் கதைகளில் தீங்கு செய்கிறவனுக்கு எப்போதும் ஒரு முகம் இருக்கும். அந்த முகம் இல்லாமல் என் கடிதம் எனக்கே வெறுமையாகத் தெரிந்தது. ஆகவே எழுதினேன்: 'சாரதி பக்கீர் என்பவர் கண்ணாடியூடாக என்னைப் பார்த்த பின்பும் வேகத்தைக் குறைக்கவில்லை. அவரது முகத்தில் சிறு கலக்கமும் இருக்கவில்லை.'

திங்கட்கிழமை பொலிசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகவே கேட்டார். மோதியதா, வைத்தியசாலைத் துண்டு இருக்கிறதா என்று விசாரித்து, புத்தகத்தில் நாலு வரி எழுதிக்கொண்டு, இதைப் பயணிகள் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தால் நல்லது என்றார். அந்த அலுவலகத்தில் ஒரு பெண் கடிதத்தை முழுவதும் வாசித்தார். மோதாமல் போனதை யாரும் எழுதிக்கொண்டு வருவதில்லை, அதனால் மோதிய பிறகுதான் தங்களுக்குத் தெரிய வருகிறது என்று சொல்லி, ஒரு கோப்பு எடுத்து அதன் மேல் இலக்கம் எழுதினார். அந்த இலக்கத்தை என்னிடமிருந்த பிரதியின் மூலையில் நானும் எழுதிக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் நடந்த ஒன்றை யாரோ நம்பினார்கள். புதன்கிழமை அவரே அழைத்து, அடுத்த திங்கட்கிழமை விசாரணை, அதுவரை பக்கீர் பஸ் ஓட முடியாது, குற்றம் சரியென்றால் அந்த வழியில் அவர் இனி ஓடவே முடியாமற் போகலாம் என்று அறிவித்தார்.

கடை முதலாளி கலீலுர் றஹ்மான் நானா வியாழக்கிழமைதான் அந்தக் கடிதத்தின் பிரதியைப் பார்த்தார். கதிரையை வெளிச்சத்தின் பக்கம் இழுத்துப் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஆறுதலாக வாசித்தார்.

"நல்ல கடிதம். வாசிக்க எனக்கே அந்த ஆளில கோவம் வருது," என்றார். திரும்பவும் முதல் பக்கத்தைப் புரட்டி, "நேரம் சரிதானே லோஜனா?" என்று கேட்டார்.

"ஓம் நானா. பன்னிரண்டே முக்கால்."

"வெள்ளிக்கிழமை."

"ஓம்."

"அந்த நேரம் நீங்கள் ஏன் றோட்டில நிண்டனீங்கள்?"

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கடை பூட்டியிருந்ததே என்று சொன்னேன். ஏன் பூட்டினோம் என்று கேட்டார். நீங்கள் பள்ளிவாசலுக்குப் போனீர்கள், ஜும்மாத் தொழுகை என்று சொல்லத் தொடங்கி, நடுவில் நின்றேன்.

"பக்கீர் எனக்கு முன்வரிசையில இருந்தவன்," என்றார் நானா. "குத்பாப் பிரசங்கம் முடியும் வரைக்கும் நான் அவன்ட முதுகைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

நாலு வருடமாக வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை அந்தக் கடை பூட்டியிருக்கிறது. எனக்குக் கிடைக்கிற அந்த இரண்டு மணித்தியாலமும் ஜும்மா தந்தது. வீட்டுச் சோறு, மதியத்தின் வெறிச்சோடிய வீதி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மெதுவாக மிதிப்பது, எல்லாமே. அந்த வீதியில் நான் இருந்த அதே காரணத்தால் பக்கீர் நானா அந்த வீதியில் இருந்திருக்க முடியாது. இதை இந்த ஊரில் ஒரு சின்னப் பிள்ளையும் சொல்லும். நான் இரண்டு பக்கம் தட்டும் வரைக்கும், கையெழுத்துப் போடும் வரைக்கும், ஆறு நாளாக அது எனக்குத் தோன்றவில்லை. நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பச்சைத் தகரத்தை மட்டும் பார்த்தேன். மிச்சத்தை நானே செய்து, அதற்கு ஒரு மனிதரின் பெயரையும் வைத்திருந்தேன்.

அன்று பின்னேரமே அலுவலகத்துக்குப் போய்த் திருத்தக் கடிதம் கொடுத்தேன். பஸ் சரி, நேரம் சரி, நடந்தது சரி, சாரதியின் முகத்தை நான் காணவில்லை, பெயர் என் பிழை என்று ஐந்தே வரி. கோப்பு இலக்கம் எழுதிய பெண் என்னைத் திட்டவில்லை. ஆனால் பஸ் பக்கீரின் பொறுப்பில் இருந்தது, அவர் அனுமதியில்லாமல் அதை யாரிடமோ கொடுத்திருக்கிறார், ஓடியது யார் என்று அவர் சொல்லாவிட்டால் எல்லாம் அவர் தலையில்தான் விழும் என்றார். கேட்டுப் பார்த்தார்களாம், தான் பள்ளிவாசலில் இருந்ததாகச் சொன்னதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லையாம்.

மறுநாள் பஸ் நிலையத்தில் பக்கீர் நானாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. ஓட முடியாது என்றாலும் காலையில் வந்து, பின்னேரம்வரை பிளேன்டீக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறாராம். பிறை வரைந்த பச்சை பஸ்ஸுக்குள் வேறு யாரோ ஒரு சாரதி இருந்தார். நான் யார் என்று சொன்னதும் பக்கீர் நானா எழும்பினார். திட்டுவார் என்று நினைத்து நான் ஓரடி பின்னால் வைத்தேன். அவர் என் காலையும் கையையும் தலையையும் ஒரு முறை பார்த்தார்.

"ஒரு பிள்ளை விழுந்திட்டா எண்டு மட்டும்தான் எனக்குத் தெரியும் மகள். என்ன ஆச்சு எண்டு சொல்ல ஒருத்தரும் இல்ல. இண்டைக்கு நடந்து வாறீங்கள். அல்ஹம்துலில்லாஹ்."

என்னால் மன்னிப்பைக் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. அவர் எனக்கும் ஒரு பிளேன்டீ சொன்னார். அங்கே எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒரு வழக்கம் இருப்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். வெள்ளிக்கிழமை பகல் முறையை முஸ்லிம் சாரதிகளுக்காகத் தமிழ்ச் சாரதிகள் ஓடிக் கொடுப்பார்கள். கோயில் தேர் நாளில் இவர்கள் அவர்களுக்காக ஓடுவார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. விசாரணையில் அதைச் சொல்லலாம்தானே, அந்தச் சாரதியின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு நல்லதுதானே என்று கேட்டேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தான் உட்கார்ந்திருந்த வாங்கில் வைத்தார்.

"அவன் நான் தொழுறதுக்காக ஓடினவன். அவன்ட பேரை என்ர வாயால எப்பிடிச் சொல்ற?"

வீடு திரும்பும் வழியில் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தேன். ஓடப் பயம் என்பதால் அல்ல. எனக்கு அவ்வளவு மெதுவாகப் போக வேண்டியிருந்தது. என் பொய்யான இரண்டு வரியால் வேலையை இழக்கப்போகிற ஒரு மனிதர், நான் முறியாமல் இருப்பதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லியிருந்தார். அந்த நன்றியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீரில் கப்பல்களின் நிழல் நீண்டு கிடந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு வாகனமும் விலகிப் போனது. அத்தனை பேரும் அத்தனை நாளும் விலகித்தான் போயிருக்கிறார்கள், நான் அதை எண்ணியதே இல்லை என்று அப்போது தோன்றியது.

சனிக்கிழமை பத்து மணியளவில் ஒருவன் கடைக்கு வந்தான். என் வயதுதான் இருக்கும். றஹ்மான் நானா வெளியே போயிருந்தார். அவன் உட்காரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடி, போக்குவரத்து ஒபிசுக்கு ஒரு கடிதம் தட்ட வேண்டும் என்றான். பெயர் கேட்டேன். டிலக்சன், சாம்பல்தீவு. விடயம் கேட்டேன். அவன் கையில் கிலுங்கிக்கொண்டிருந்த திறப்புக் கோர்வையை மேசையில் வைத்தான், பிறகு எடுத்தான்.

"போன கிழமை வெள்ளிக்கிழமை பக்கீர் நானாட பஸ்ஸை ஓடினது நான் எண்டு எழுதுங்கோ."

என் விரல்கள் தட்டின. எனக்கு முன்னால் அவை போய்க்கொண்டிருந்தன. அவன் சொல்வதை எழுத்துத் தமிழாக மாற்றித் தட்டுவது என் வேலை, அதை மட்டும் செய்தேன். பஸ் பிந்தி வெளிக்கிட்டதாம். கிண்ணியாவில் நேரம் குறிப்பவர் அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டால் திரும்பி வரும் முறை பக்கீர் நானாவுக்கு இல்லாமல் போய்விடுமாம். நானா இதுவரை தன் பெயரைச் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டார் என்று பஸ் நிலையத்தில் கேள்விப்பட்டானாம். அதற்குப் பிறகு அவன் குரல் தணிந்தது.

"முன்னால லொறி வந்தது. பிரேக் பிடிச்சிருக்கலாம். பிடிக்கேல்ல."

நான் நிமிரவில்லை. "அதையும் போடவா?" என்று கேட்டேன். இதைப் போட்டால் அவனுடைய வேலைக்கு என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"போடுங்கோ. சைக்கிளில ஒரு பிள்ளை. முகம் தெரியாது, முதுகு மட்டும்தான். விழுந்தவ, பிறகு எழும்பி இருந்தா. கண்ணாடியில பாத்தனான். எழும்பினத கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஏன் நிப்பாட்டேல்ல எண்டு கேட்டா, பயம். அதையும் போடுங்கோ."

போட்டேன். எல்லாவற்றையும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அது எங்கள் கடையின் முறை, வாசித்துக் காட்டாமல் அச்சடிப்பதில்லை. 'லொறிக்கு இடம் விடாமல் நான் பஸ்ஸைச் செலுத்தியதால் அவர் சமநிலை இழந்து, இடப்பக்கம் இருந்த வெள்ளை மணற் குவியலில் விழுந்தார்' என்ற இடத்தில் அவன் கையை உயர்த்தினான்.

"மணல் எண்டு நான் சொல்லேல்லையே."

சொல்லியிருக்கவில்லைதான். என் விரல்கள் அதைத் தாமாகவே எழுதியிருந்தன. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். வட்டமான, நித்திரை குறைந்த, சாதாரணமான முகம். நான் செய்து வைத்திருந்த முகத்தோடு அதற்கு ஒரு பொருத்தமும் இல்லை.

அவன் கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

"கை கால் ஏதும் முறிஞ்சதோ?"

"இல்லை. தோல்தான் போனது."

"சைக்கிள்?"

"ஓடுது."

கடிதத்தை அச்சடிக்கவா என்று கேட்டேன். அவன் தலையை ஆட்டி, இன்னும் ஒன்று எழுத வேண்டும் என்றான். நான் கைகளை விசைப்பலகையில் வைத்தேன்.

"இல்லை, இது உங்களுக்கு. இதை நீங்கள் தட்ட வேண்டாம்."

விசைப்பலகையை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். தமிழ் எழுத்துகள் ஒட்டிய பழைய பலகை, பாதி எழுத்துகள் தேய்ந்துவிட்டன. அவன் வலது கையின் ஒற்றை விரலை நீட்டி முதல் எழுத்தைத் தேடினான். எந்த எழுத்து வேண்டும் என்று கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். அவன் கேட்கவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை. ஸ்டியரிங் பிடித்துத் தடித்த அந்த விரல் மேல் வரிசையில் ஓரிடத்தில் நின்றது, யோசித்தது, அடுத்த வரிசைக்கு இறங்கியது, ஓர் எழுத்திலும் இடித்துவிடாமல், மெதுவாக, மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.