கழுத்தில் கிடந்த டேப்

அவளைச் சும்மா இருக்கச் சொல்லியிருந்தார்கள். சொன்னது மாமியாரோ நாத்தனாரோ இல்லை, ஒரு நாட்டின் அரசாங்கம். கணவன் மேல்படிப்புக்காக வந்தவன். படிக்கிறவனுடைய மனைவி வேலைக்குப் போகலாம்தான், ஆனால் அதற்கென்று ஒரு பர்மிட் கைக்கு வர வேண்டும். வரும்வரை துரும்பைக்கூடக் கிள்ளிப் போடக் கூடாது. விண்ணப்பித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங்கில் இருந்தவள் அவள். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டைகளைப் புரட்டிப் பார்த்துக் கோணல் தையலையும் தொங்கும் பிசிறையும் கண்டுபிடித்த கை. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார் என்றால் அது எப்படி உட்காரும்? ஒற்றை அறை வீட்டில் திரைச்சீலையின் ஓரத்தைப் பிரித்துத் தைத்தாகிவிட்டது. தலையணை உறைகளும் முடிந்தன. கணவனின் சட்டைப் பித்தான்கள் எல்லாவற்றையும் அறுத்தெடுத்து மறுபடி தைத்த அன்று அவன் பயந்தே போனான்.

அவனுக்கு அவள் வைத்திருந்த பெயர் சட்டப்புத்தகம். விதிமுறைகள் முழுவதையும் அச்செடுத்து, வரிக்கு வரி மஞ்சள் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தான்.

"சம்பளம் வாங்கலன்னாலும் வேலை வேலைதான். பாரு, இங்க போட்டிருக்கான். ஒரு கடையில சும்மா ஒத்தாசை பண்ணினாக்கூடத் தப்பு. மாட்டினா உன் பர்மிட் மட்டும் இல்ல, என் படிப்பும் அம்பேல்."

"சரிங்க. மூச்சு விடலாமா?"

"அதைப் பத்தி ஒண்ணும் போடல."

கிண்டல் பண்ணினாளே ஒழிய, அவளுக்குள்ளும் அந்த மஞ்சள் கோடுகள் விழுந்துவிட்டன. தெருவில் கிழவர் ஒருவருடைய பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இது வேலையில் சேருமா என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தாள்.

அவள் போய் உட்கார்ந்து வர ஒரே இடம் ஆல்ட்ரேஷன் கடை அக்காவிடம். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் கடை. பேன்ட் கால் மடித்து அடிப்பது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்கு உள்துணி வைப்பது. அக்காவும் ஒரு காலத்தில் படிக்க வந்தவனின் மனைவியாக வந்திறங்கியவள்தான். அந்த ஊரில் "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்க இருந்த ஒரே ஆள். கடையில் இரண்டு மெஷின்கள். ஒன்றில் அக்கா தைப்பாள். இன்னொன்று பூப்போட்ட உறைக்குள் கிடந்தது.

"உன் பேப்பர் வரட்டும் கண்ணு, அன்னிக்கே இந்த உறையைக் கழட்டுறேன். அதுவரைக்கும் கண்ணால பாத்துக்கோ, கையால தொடாதே. வம்பு வேணாம்" என்பாள். அவளுக்கென்று கவுண்டருக்கு வெளியே, வாடிக்கையாளர் பக்கமாக ஒரு நாற்காலி போட்டிருந்தாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. அக்கா ஒரு கோட்டைக் கையில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"எதிர் ஆபீஸ்ல குடுத்துட்டு வந்துடறேன். பத்து நிமிஷம். யாராவது வந்தா உக்காரச் சொல்லு, அவ்வளவுதான்."

தையல் மேசைமேல் ஒரு கறுப்புப் பேன்ட் கிடந்தது. கால் மடித்து அடித்தாகிவிட்டது, ஆனால் ஓரம் முழுக்கப் பிசிறு. பன்னிரண்டு மணிக்கு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார். முதல் நிமிடம் அவள் ஜன்னலைப் பார்த்தாள். இரண்டாவது நிமிடம் பேன்ட்டைப் பார்த்தாள். மூன்றாவது நிமிடம் கவுண்டருக்கு உள்ளே நின்றிருந்தாள். நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்தாள். பழக்கதோஷம், மேசையில் கிடந்த அளவு டேப்பையும் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிசிறு பிசிறாக வெட்ட வெட்ட, ஐந்து மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது.

கதவு மணி அடித்தது.

நீலச் சட்டை. தோளில் முத்திரை. மார்பில் புகைப்படத்தோடு ஓர் அட்டை. கையில் படிவங்கள் செருகிய பலகை.

"நீங்கள் இங்கே வேலை செய்கிறீர்களா?" என்று அந்த ஊர் மொழியில் கேட்டார்.

சட்டப்புத்தகம் தன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்குகிற காட்சி அவள் கண்முன் வந்து போனது.

"இல்லை. துணி கொடுக்க வந்தேன்."

"கடைக்காரர் எங்கே?"

"அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. முன்பின் பார்த்ததுகூட இல்லை." கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டாள்.

அவர் பார்வை மெதுவாக அவள் கழுத்து டேப்புக்கு வந்தது. அவருக்குப் பின்னால், திறந்த கதவருகே, அக்கா வெறும் ஹேங்கரோடு நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா கண் இமைக்கவில்லை. நேராக உள்ளே வந்தாள்.

"மன்னிக்க வேண்டும் மேடம், அளவெடுக்கும்போது பாதியில் விட்டுப் போய்விட்டேன்" என்று ஊர் மொழியிலேயே சொல்லி, அவள் கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். தோள், கை, மணிக்கட்டு என்று நிதானமாக அளந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை, விரல்கள் மட்டும் சில்லென்று இருந்தன. ரசீதுப் புத்தகத்தில் எண்களை எழுதி, சீட்டைக் கிழித்து அவளிடம் நீட்டினாள். "வியாழக்கிழமை வாருங்கள்."

நீலச் சட்டைக்காரர் அது முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு மூலைக்குப் போய், அங்கே மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்புச் சிலிண்டரைக் கழற்றி முள்ளைப் பார்த்தார். தேதி போட்ட சீட்டொன்றை அதில் கட்டினார். வருடத்துக்கு ஒரு முறை நடக்கிற சோதனை. அக்காவிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிப் போய்விட்டார். கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்றுதான் அவளைக் கேட்டிருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. "சிலிண்டர்காரருக்கா! நான் என்னமோன்னு ஆடிப்போயிட்டேன்!"

அக்கா சிரிக்கவில்லை. "நான் வாசல்லயே நின்னேன். நீ சொன்னது கேட்டுச்சு."

"பயத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டேன்க்கா."

"பயம் எனக்குத் தெரியாதா? நானும் ஒரு வருஷம் இப்படி உக்காந்து கெடந்தவதான். உள்ள வந்து நின்னதுக்குக்கூட நான் கோவிச்சுக்கல. ஆனா 'தெரிஞ்ச அக்கா கடை, பாக்க வந்தேன்'னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சே. அதுதானே நெசம்? எங்கிட்ட அஞ்சு மாசமா சாப்பிட்ட வாயி, என்னை யாருன்னே தெரியாதுங்குது."

அக்கா சொன்னது அத்தனையும் சரி. உண்மையே போதுமானதாக இருந்திருக்கிறது. அவள்தான் அதை நம்பவில்லை.

கைபேசி அடித்தது. கணவன் போட்ட கூச்சல் கடை முழுக்கக் கேட்டது.

"வந்துடுச்சு! வெள்ளிக்கிழமையே வந்துடுச்சு! மெயில் வேற எங்கயோ போய் ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. நாடு முழுக்க, எந்த முதலாளிகிட்ட வேணும்னாலும் வேலை பாக்கலாமாம்!"

வெள்ளிக்கிழமை. அப்படியானால் அந்த மனுஷன் கேட்டபோது ஆமாம் என்றே சொல்லியிருக்கலாம். அவள் ஃபோனை வைத்துவிட்டு, பூப்போட்ட உறையைப் பார்த்தாள். அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"நல்லது. சந்தோஷம்" என்றாள். கண்ணு என்ற சொல் கூட வரவில்லை. கறுப்புப் பேன்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னும் ரெண்டு பிசிறு பாக்கி இருக்கு. நான் வெட்டட்டுமா?"

"கஸ்டமர்கிட்ட நான் வேலை வாங்குறதில்லம்மா."

வீட்டில் சட்டப்புத்தகம் பர்மிட்டை அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். "அக்காகிட்ட சொன்னியா? குதிச்சிருப்பாங்களே!" என்றான். "சந்தோஷம்னாங்க" என்று மட்டும் சொன்னாள். புதன்கிழமை முழுக்கச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோள், கை, மணிக்கட்டு, எல்லா அளவும் சரியாக இருந்தது. பெயர் எழுத வேண்டிய இடத்தை அக்கா காலியாக விட்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை, கடை திறப்பதற்கு அரை மணி முன்பே, சீட்டைப் பிடித்துக்கொண்டு மூடிய கதவுக்கு முன்னால் நின்றாள். பர்மிட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். தெருமுனையில் அக்கா சாவிக்கொத்தோடு வருவது தெரிந்தது. அக்கா முகத்தை நிமிர்ந்து பார்க்க இப்போது பயந்த பயத்துக்கு முன்னால், ஐந்து மாதமாகப் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.